பன்றிக்கு வந்த மனிதக் காய்ச்சல்

நவம்பர் 4

செங்காட்டுப்புதூரில் இன்று பன்றி வளர்ப்போருக்கு நோய்த்தடுப்பு முகாம். முப்பது பேர் வருவார்கள் என்று மேலிடத்துக்கு எழுதிக் கொடுத்திருந்தேன். பதினொரு பேர் வந்தார்கள். அதில் நான்கு பேர் டீக்கு வந்தவர்கள் என்பது டீ முடிந்ததும் தெரிந்தது. மீதி ஏழு பேருக்கு, கால்நடை உதவி மருத்துவர் வேதவல்லியாகிய நான் முக்கால் மணி நேரம் பேசினேன்.

"சளி, காய்ச்சல் இருக்கிற ஆளு பட்டிக்குள்ள காலே வைக்கக் கூடாது. நம்ம சளி பன்றிக்குப் போகும். பன்றி உடம்புக்குள்ள அது உருமாறும். மாறின பிறகு நம்மகிட்டயே திரும்பி வரும்" என்று சொல்லும்போது தொண்டை கரகரத்தது. தண்ணீர் குடித்துச் சமாளித்தேன்.

ராசாமணி அக்கா மட்டும் கை தட்டினார். இந்தச் சுற்றுவட்டாரத்தில் அவர் பண்ணைதான் பெரிது. அறுபத்திரண்டு வெண்பன்றிகள். அவருக்கு நான் ஒரு பார்வையாளர் நோட்டுப் பரிசளித்தேன். பண்ணைக்குள் யார் நுழைந்தாலும் பெயர், தேதி, நேரம், 'சளி, காய்ச்சல் உண்டா?' என்ற கேள்விக்குப் பதில், எல்லாம் எழுதிக் கையெழுத்திட வேண்டும். கட்டங்களை நானே ஸ்கேல் வைத்துப் போட்டேன். பதினேழு வருட சர்வீஸில் நான் அரசுக்குச் செய்த நேர்த்தியான வேலை அந்தக் கோடுகள்தான்.

நவம்பர் 5

காலையில் உடம்பு கொஞ்சம் சூடு. வீட்டில் இருந்த தெர்மாமீட்டர் 101 காட்டியது. அது மாட்டுக்கு வாங்கியது. மாட்டின் கணக்குப்படி நான் நல்ல ஆரோக்கியத்தில் இருக்கிறேன்.

மாத்திரை வாங்க ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனேன். அங்கே வாரத்துக்கு ஐந்து சளிக்காரர்களின் மாதிரியைச் சென்னைக்கு அனுப்ப வேண்டுமாம். இந்த வாரம் நாலு பேர்தான் சிக்கியிருந்தார்கள். என்னைக் கண்டதும் லேப்காரர் முகம் மலர்ந்தது.

"எனக்குச் சளி இல்லைங்க. தூசு அலர்ஜி."

"இருக்கட்டும் மேடம், எண்ணிக்கைக்கு ஆச்சு."

மூக்கில் ஒரு குச்சியை விட்டு, மூளையைத் தட்டிப் பார்த்துவிட்டு எடுத்தார். பெயர், வேலை, வயது கேட்டு எழுதிக்கொண்டார். பன்றிகளுக்கு நான் இதைச் செய்யும்போது அவை ஏன் அப்படிக் கத்துகின்றன என்று இன்று புரிந்தது.

நவம்பர் 6

ராசாமணி அக்கா பண்ணையில் குடற்புழு நீக்க ஊசி. ஏற்கெனவே இரண்டு முறை தள்ளிப்போட்டாயிற்று. மூன்றாவது முறையும் தள்ளினால் மாதாந்திரக் கூட்டத்தில் எழுந்து நிற்க வேண்டும். அலர்ஜியோடு நிற்பது சிரமம்.

வாசலில் நோட்டு, கயிற்றில் கட்டிய பேனா. எல்லாக் கட்டத்தையும் நிரப்பினேன். கடைசிக் கட்டத்தில் 'இல்லை'. தூசு அலர்ஜிக்குத் தனிக் கட்டம் போடாதது என் தவறுதான்.

முகக்கவசம் போட்டால் கண்ணாடியில் ஆவி படிந்து ஊசி போடும் இடம் தெரியவில்லை. கழுத்துக்கு இறக்கிவிட்டேன். புத்ராம் ஒவ்வொரு பன்றியாகப் பிடித்துக் கொடுத்தார். ஜார்க்கண்டிலிருந்து வந்து நான்கு வருடமாக இந்தப் பண்ணையில் வேலை செய்கிறார். ஒவ்வொரு பன்றியின் குணமும் அவருக்குத் தெரியும். "இது கோவக்காரி மேடம், பின்னாடியிருந்து வாங்க" என்பார். இருபத்தெட்டாவது பன்றியின் முகத்துக்கு நேராகத் தும்மிவிட்டேன். அது என்னை ஒரு பார்வை பார்த்தது. மேலதிகாரிகள் அப்படிப் பார்த்ததுண்டு.

புத்ராமின் மனைவி சுக்மதி கடுங்காப்பி கொண்டு வந்தாள். ஆறு மாத வயிறு. தமிழ் அவ்வளவாக வராது. சிரிப்பாள்.

"ஏனுங் டாக்டரம்மா, மொகமெல்லாம் செவந்து கெடக்குதுங்?" என்றார் ராசாமணி அக்கா.

"வெயில்க்கா" என்றேன்.

மழை தூறிக்கொண்டிருந்தது.

நவம்பர் 8

இரண்டு நாளாகப் படுக்கை. அலர்ஜிக்கு இவ்வளவு உடம்பு வலி வருமா என்று புத்தகத்தில் பார்க்க நினைத்தேன். பார்க்கவில்லை.

நவம்பர் 10

காலை ஏழு மணிக்குப் புத்ராம் பண்ணை போனிலிருந்து கூப்பிட்டார். "மேடம், பன்னி சாப்பாடு தொடல. எல்லாம் இருமுது. மனுசன் மாதிரி இருமுது."

போனேன். அறுபத்திரண்டில் நாற்பதுக்கு மேல் படுத்தே கிடந்தன. மூக்கில் நீர், கண்ணில் சிவப்பு. இருமினால் நாய் குரைப்பது போல ஒரு சத்தம். ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலாக இருந்தால் மருந்தே கிடையாது. ஒரு பன்றியைக்கூட மிச்சம் வைக்காமல் கொன்று புதைக்கச் சொல்வார்கள். ராசாமணி அக்காவுக்கும் அது தெரியும். பட்டி வாசலில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்.

மூக்குச்சளியும் ரத்தமும் எடுத்துச் சென்னை ஆய்வகத்துக்கு அனுப்பினேன். அங்கே என்னோடு படித்த பெனடிக்ட் இருக்கிறான். கூடவே ஒரு குறிப்பும் எழுதினேன்: நோய் வந்திருக்கக்கூடிய வழிகள். ஒன்று, பட்டிக்குள் வந்து மேயும் கொக்குகள். இரண்டு, ஓட்டல் எச்சில் தீவனம். மூன்று, எலி. நான்கு, வேலையாட்கள். ஒரு நல்ல மருத்துவர் எந்தச் சந்தேகத்தையும் விட்டுவிட மாட்டார். நான்கும் எழுதி முடித்த பிறகு திருப்தியாக இருந்தது.

நவம்பர் 13

பெனடிக்ட் கூப்பிட்டான். "நாம பயந்த நோய் இல்ல வேதா. சாதாரண ஃப்ளூ வகை. இன்ஃப்ளுவென்சா ஏ. ஒரு வாரத்துல எழுந்துக்கும்."

நான் நாற்காலியில் அப்படியே சாய்ந்தேன். ராசாமணி அக்காவிடம் சொன்னபோது அவர் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கையை உருவிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. ஏனோ தெரியவில்லை.

"எங்கிருந்து வந்துச்சுன்னு பாக்கணும். முழு மரபணுவையும் படிச்சுட்டுச் சொல்றேன்" என்று பெனடிக்ட் சொல்லியிருக்கிறான். அவ்வளவு சிரமப்பட வேண்டாம் என்றேன். அவனுக்குச் சிரமம் பிடிக்குமாம்.

நேற்றிலிருந்து புத்ராமுக்கு இருமல்.

நவம்பர் 15

மூன்று குட்டிகள் செத்துவிட்டன. மற்றவை தேறி வருகின்றன. அவற்றைப் பார்த்துவிட்டு, வண்டியில் ஏறி ஹெல்மெட்டும் போட்டுவிட்டேன். அப்போது ராசாமணி அக்காவின் கொழுந்தனார் செல்லமுத்து வந்தார். கூட ஊர்க்காரர்கள் ஆறேழு பேர்.

"அந்த வடக்கத்தியானுக்குச் சளி புடிச்சிருக்குது, பன்னிக்கும் சளி புடிச்சிருக்குது. இதுக்கு மெட்ராஸ்ல போயிப் பரிசோதனை பண்ணோணுமா? அவந்தான் கொண்டாந்திருக்கறான். நாளைக்கு ஊருக்கும் குடுப்பான்."

"நான் தப்பு பண்ணல அண்ணா. பன்னிக்கு மொதல்ல வந்துச்சு. எனக்கு அப்பறம்தான்" என்றார் புத்ராம்.

செல்லமுத்து என் பக்கம் திரும்பினார். "டாக்டரம்மாவே முகாமுல சொன்னாங்கல்ல? சளி இருக்கறவந்தான் பன்னிக்குக் குடுப்பான்னு. ஏனுங், சரிதானுங்?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். முகாமில் யாருமே கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருவர் கேட்டிருக்கிறார்.

"வாய்ப்பு இருக்குங்க" என்றேன்.

அறிவியல்படி அது பிழையில்லாத வாக்கியம்.

ராசாமணி அக்கா குனிந்த தலை நிமிரவில்லை. ஒரு மணி நேரத்தில் புத்ராமும் சுக்மதியும் இரண்டு பைகளோடு ஷேர் ஆட்டோவில் ஏறினார்கள். திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்யும் அண்ணன் வீட்டுக்குப் போகிறார்களாம். சுக்மதியும் இருமினாள். நான் ஹெல்மெட்டைக் கழற்றவே இல்லை.

நவம்பர் 16

மழை. இரண்டு ஆடுகளுக்கு ஊசி. வேறொன்றும் இல்லை.

நவம்பர் 17

ஒரு எருமைக்குச் சினை ஊசி. வேறொன்றும் இல்லை என்று நேற்றே எழுதிவிட்டேன்.

நவம்பர் 21

மதியம் சோற்றில் கை வைத்தபோது பெனடிக்ட் கூப்பிட்டான். குரலில் உற்சாகம். கல்லூரியில் எனக்கு வரப்போகும் கெட்ட செய்தியை இதே குரலில்தான் சொல்வான்.

"வேதா, இது கொக்கு இல்ல, எச்சில் தீவனம் இல்ல, எலி இல்ல. சுத்தமான மனுசக் காய்ச்சல். இந்த வருசம் நம்ம ஆளுங்க இருமிக்கிட்டிருக்கற அதே வைரஸ். யாரோ ஒரு ஆளு பன்னிக்குக் குடுத்திருக்காங்க. ஆனா பன்னிக்குள்ள போனதும் மூணு இடத்துல மாறியிருக்கு."

மாறும் என்பது எனக்குத் தெரியும். அந்த வைரஸ் உடம்புக்குள் நுழைந்ததும் தன்னைத்தானே நகல் எடுக்கத் தொடங்கும். மோசமான நகல்காரன். எழுத்துப் பிழை விடுவான், சரிபார்க்க ஆளும் இல்லை. பெரும்பாலான பிழைகள் அதற்கே எமன். எப்போதாவது ஒரு பிழை, புதிய உடம்பில் இன்னும் நன்றாக ஒட்டிக்கொள்ள உதவிவிடும். பன்றியின் மூச்சுக்குழலில் மனித வைரஸும் ஒட்டும், பறவை வைரஸும் ஒட்டும். இரண்டும் ஒரே நேரத்தில் உள்ளே போய்விட்டால் ஒன்றின் துண்டு மற்றதில் கலந்து, இதுவரை யார் உடம்பும் பார்த்திராத ஒன்று வெளியே வரலாம். இதை நான் ஏழு பேருக்கு முக்கால் மணி நேரம் சொல்லியிருக்கிறேன்.

"கொக்கு வேற உள்ள வந்து மேயுதுன்னு நீயே எழுதியிருக்க" என்றான். "அது கலக்கல. அந்த மட்டுக்கும் தப்பிச்சோம். மூணு மாத்தத்துல ஒண்ணு மட்டும் எனக்குப் பிடிக்கல. வைரஸ் நம்ம செல்லுல ஒட்டுற இடத்துல இருக்கு. சரி, பன்னிக்கு வர்றதுக்கு முன்னாடி யாருக்குச் சளி இருந்துச்சு?"

"வேலை செய்யறவருக்கு இருந்துச்சு."

"எப்ப?"

"பன்னிரண்டாம் தேதி."

"பன்னிக்குப் பத்தாம் தேதியே வந்தாச்சே. அவரு குடுத்தவரு இல்ல வேதா, வாங்கினவரு."

அவன் தொடர்ந்தான். "இன்னொண்ணு கேளு. உங்க ஊரு சுகாதார நிலையத்துலேர்ந்து வந்த சாம்பிளையெல்லாம் ஒப்பிட்டுப் பாத்தேன். ஒண்ணு அச்சு அசலா இதோட அம்மா மாதிரி இருக்கு. அந்த மூணு மாத்தம் மட்டும் இல்ல. அஞ்சாம் தேதி எடுத்தது. பேரு மறைச்சிருக்கு. பொம்பள, வயசு நாப்பத்தி மூணு, அரசு ஊழியர். அந்தம்மாவுக்கும் பண்ணைக்கும் என்ன சம்பந்தம்னு நீ கொஞ்சம் விசாரிச்சுச் சொல்லு."

"நாப்பத்தி ரெண்டு" என்றேன்.

"என்னது?"

"வயசு நாப்பத்தி ரெண்டு. அந்த லேப் ஆளு ஒண்ணு கூட்டி எழுதியிருக்கான்."

பெனடிக்டுக்குப் புரிந்துவிட்டது. நாற்பத்து மூன்று என்றே விட்டிருக்கலாம். உலகம் முழுக்கப் பரவக்கூடிய ஒரு நோயின் வாசலில் நின்றுகொண்டு நான் ஒரு வயதுக்குச் சண்டை போட்டிருக்கிறேன்.

பிறகு அவன் மெதுவாகக் கேட்டான். "அந்த வேலைக்காரரு இப்ப எங்க? அவரு வீட்டுல வேற யாராவது?"

சோறு ஆறிப்போயிருந்தது. "கர்ப்பிணி ஒருத்தி இருக்கா" என்றேன். "நாங்க துரத்திட்டோம்."

நவம்பர் 21, சாயங்காலம்

புத்ராமின் சொந்த எண் பார்வையாளர் நோட்டின் அட்டையில்தான் இருந்தது. வாங்கப் போனபோது ராசாமணி அக்கா பட்டி கழுவிக்கொண்டிருந்தார். அவரே கழுவி இன்றுதான் பார்க்கிறேன். சொன்னேன். எல்லாவற்றையும், அலர்ஜி என்ற சொல்லைப் பயன்படுத்தாமல்.

அவர் குழாயை மூடிவிட்டு உள்ளே போய் நோட்டைக் கொண்டுவந்தார். ஆறாம் தேதிப் பக்கத்தைப் பிரித்தார்.

"இல்லைன்னு எழுதியிருக்கறீங்."

"ஆமாங்க்கா."

"மொகம் செவந்து கெடக்குதுன்னு நான் கேட்டனல்லொ அம்மிணி. வெயிலுன்னீங்."

"ஆமா."

"திருத்திக் குடுத்துட்டுப் போங்."

'இல்லை' என்பதை அடித்து 'உண்டு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நான் ஸ்கேல் வைத்துப் போட்ட கட்டம். அதில் அடித்தல் திருத்தல் அசிங்கமாகத்தான் இருந்தது.

"நான் மட்டும் என்ன ஒழுங்கு?" என்றார் அவர், என்னைப் பார்க்காமல். "நாலு வருசமா எங்கூட்டுல ஒருத்தனாட்டம் இருந்தான். செல்லமுத்து சொன்னதும் கணக்கு முடிச்சு அனுப்பிப்போட்டேன். ஒரு வார்த்த கேக்கோணும்னு தோணலியே."

அங்கேயே நின்று புத்ராமை அழைத்தேன். மூன்றாவது முறை எடுத்தார். "சுக்மதிக்கு நாலு நாளா காய்ச்சல் மேடம். மூச்சு வாங்குது."

நவம்பர் 22

காலையிலேயே சுகாதார ஆய்வாளரோடு திருப்பூர் போனேன். வரிசை வீடுகள், ஒரே கூரை, இவர்கள் இருவர் போகப் பத்தொன்பது பேர். புத்ராமுக்கு இருமல் விட்டிருந்தது. சுக்மதி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். படுத்தால் மூச்சு முட்டுகிறதாம். என்னைப் பார்த்து இந்த முறை சிரிக்கவில்லை.

108 வந்தது. அரசு மருத்துவமனையில் ஆக்சிஜன் வைத்து, ஃப்ளூ மருந்தும் தொடங்கிவிட்டார்கள். நுரையீரலில் சளி இறங்கியிருக்கிறதாம். "மூணு நாள் முன்னாடி வந்திருக்கலாமே" என்றார் அங்கிருந்த மருத்துவர். வந்திருக்கலாம். மூன்று நாள் முன்பு நான் ஒரு காளைக்கு லாடம் கட்டும் விஷயமாக ஆலோசனை சொல்லிக்கொண்டிருந்தேன்.

பத்தொன்பது பேரின் மூக்கிலும் குச்சி. யாரும் இருமவில்லை. இன்னும் பத்து நாள் யாரும் இருமக் கூடாது.

நவம்பர் 25

சுக்மதியிடம் இருந்தது பன்றியின் வைரஸேதான். அந்த மூன்று மாற்றமும் இருக்கிறது. நான்காவதாக ஒன்றும் சேர்ந்திருக்கிறது. என்னிடமிருந்து பன்றி, பன்றியிடமிருந்து புத்ராமும் அவளும். இனி அவளிடமிருந்து யாருக்காவது போனால் கதை எங்கள் கையில் இல்லை என்கிறான் பெனடிக்ட்.

குழந்தையின் நாடித்துடிப்பு கேட்கிறதாம். அவளுக்கு இன்னும் ஆக்சிஜன் எடுக்கவில்லை. எனக்குச் சாமி கும்பிடும் வழக்கம் விட்டுப்போய்ப் பல வருடம். இன்று எந்தச் சாமியிடம் ஆரம்பிப்பது என்று தெரியாமல் எல்லோரிடமும் சொல்லி வைத்தேன். இதுவும் ஒருவகை மொத்த சுற்றறிக்கைதான்.

நவம்பர் 28

அந்த வீட்டில் ஒருவர் இருமியிருக்கிறார். பெனடிக்டும் நானும் போனில் மாறி மாறி மூச்சுவிட்டோம். பரிசோதனையில் ஒன்றுமில்லை. பீடி.

டிசம்பர் 3

பத்து நாள் கடந்துவிட்டது. பத்தொன்பது பேருக்கும் ஒன்றுமில்லை. அந்த நான்கு மாற்றமும் சுக்மதியோடு நின்றுவிட்டன. பெனடிக்ட், "நம்ம திறமை இல்ல வேதா, அதிர்ஷ்டம்" என்றான். திறமை என்று நானும் சொல்லவில்லையே என்றேன். அவனோடு சேர்ந்து பல நாள் கழித்துச் சிரித்தேன்.

சுக்மதி பொது வார்டுக்கு மாறிவிட்டாள். நாளை வீட்டுக்கு அனுப்புகிறார்கள்.

எனக்கு மேலிடத்திலிருந்து கடிதம். ஆறாம் தேதி காய்ச்சலோடு பண்ணைக்குள் சென்றது ஏன் என்று ஏழு நாளுக்குள் எழுத்துப்பூர்வமாக விளக்க வேண்டும்.

டிசம்பர் 4

திருப்பூர் பஸ்ஸிலேயே விளக்கத்தை எழுதத் தொடங்கினேன். 'மேற்படி தேதியில் மேற்படி அலுவலருக்கு ஏற்பட்டிருந்த சிறு உடல்நலக் குறைவானது, பணிச்சுமை காரணமாகக் கவனிக்கப்படாமல் போனது.' படித்துப் பார்த்தேன். அந்த மேற்படி அலுவலர் யாரோ ஒருவர் போல இருந்தார். அவர் மீது எனக்கே கோபம் வந்தது.

வார்டில் ராசாமணி அக்கா எனக்கு முன்பே வந்திருந்தார். தூக்குப்போசியில் அரிசியும்பருப்பும் சாதம். திரும்பி வந்துவிடும்படி புத்ராமைக் கேட்டுக்கொண்டிருந்தார். புத்ராம் மரியாதையாக மறுத்தார். "அண்ணன் கம்பெனில வேல சொல்லியாச்சு அக்கா. கோவக்காரிக்கு மட்டும் தவுடு ஊற வெச்சுக் குடுங்க. காஞ்சு குடுத்தா திங்காது." ராசாமணி அக்கா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போனார்.

நான் கட்டிலருகே ஸ்டூலில் உட்கார்ந்து சொன்னேன். நோய் என்னிடமிருந்துதான் பன்றிக்குப் போனது, காய்ச்சல் இருந்தும் மறைத்துப் போனேன், மன்னிக்க வேண்டும். புத்ராமுக்கு முன்பே தெரிந்திருந்தது. சுகாதார ஆய்வாளர் சொல்லியிருக்கிறார். சுக்மதிக்குப் புத்ராம் தங்கள் மொழியில் சொன்னார்.

அவள் கேட்டுவிட்டுப் பேசத் தொடங்கினாள். சத்தம் போடவில்லை. வயிற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டு, என் முகத்தைப் பார்த்தே, ஐந்து நிமிடம் பேசினாள். நடுவில் ஒருமுறை தலையில் கவிழ்ப்பது போல இரண்டு கையையும் வைத்துக் காட்டினாள். முடித்தாள்.

புத்ராம் தொண்டையைச் செருமினார். "பரவால்லன்னு சொல்றா மேடம்."

ஐந்து நிமிடப் பேச்சு இரண்டு சொல்லாக மாறாது. நகல் எடுப்பதில் இவ்வளவு பிழை எந்த வைரஸும் செய்யாது.

"முழுசாச் சொல்லுங்க" என்றேன்.

அவர் தரையைப் பார்த்தபடி சொன்னார். "காய்ச்சல் யாருக்கும் வரும்ங்கறா. மேடத்துக்கும் வரும், பன்னிக்கும் வரும். வேல இருந்தா காய்ச்சலோட நாமளும் போவோம், அது பெரிசு இல்ல. அன்னிக்கு எங்கள வெளிய அனுப்பும்போது மேடம் அங்கதான நின்னாங்க. தலைல அத மாட்டிக்கிட்டு. மேடத்துக்குத் தெரியும். தெரிஞ்சும் ஏன் வாயே தொறக்கல, அதத்தான் கேக்கறா."

"அன்னிக்கு எனக்குத் தெரியா..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டேன். இந்த நாட்குறிப்பையே எடுத்துப் பார்த்தால் நான்காம் தேதியிலிருந்து ஒவ்வொரு நாளும் எனக்குத் தெரிந்திருக்கிறது.

"பயம்" என்றேன். புத்ராம் அதை ஒரே சொல்லில் மொழிபெயர்த்தார். சுக்மதி தலையசைத்தாள். மன்னித்ததாக அதற்குப் பொருள் இல்லை. கேட்டுக்கொண்டேன் என்பது மட்டும்தான்.

பஸ் நிலையத்தில் உட்கார்ந்து மேற்படி அலுவலரை அடித்துவிட்டு விளக்கத்தை மறுபடி எழுதினேன். மூன்று வாக்கியம்தான் வந்தது.

'நவம்பர் 6 அன்று எனக்குக் காய்ச்சல் இருந்தது. தெரிந்தேதான் பண்ணைக்குள் போனேன். நவம்பர் 15 அன்று அந்தப் பழி வேறொருவர் மீது விழுந்தபோது பார்த்துக்கொண்டு நின்றேன்.'

மேலிடம் கேட்டது முதல் இரண்டை மட்டும்தான். மூன்றாவதைக் கேட்டவள் சுக்மதி.